நான்கு மணி நேரம்

ஜெலுத்தோங் சாலை, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பதினோரு நாற்காலிகள், பதினோரு எந்திரங்கள்.
செவ்வாய், வியாழன், சனி.
இரத்தம் வெளியே போய்க்
குளித்துவிட்டுத் திரும்பி வர
நான்கு மணி நேரம்.

சும்மா கிடப்பவர்கள் என்ன செய்வார்கள்?
பேசுவார்கள், ஹொக்கியனில்.
மருமகளின் சமையல், விழாத நாலு நம்பர்,
யார் வீட்டை யார் விற்றது,
எதிர் நாற்காலி ஏன் இந்த வாரம் காலி.
என்னிடம் மட்டும் மலாய், அதிலும் மூன்றே சொல்:
மிசி. சாக்கிட். சிஜுக்.
கூப்பிட ஒன்று, வலிக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று.

அண்ணன் லோகேஸ்வரன் சுசோவில், ஆறு வருடமாக.
"சீனம் எதுக்கு? போனை நீட்டினா அதுவே பேசுது.
டாக்சி, நூடுல்ஸ், வீட்டு வாடகை, எல்லாம்.
விசா முடிஞ்சா வந்துடப் போறேன்."
நியாயம்தான்.
எனக்கு முடிவதற்கு விசா இல்லை.
நான் பிறந்த பெரிய ஆஸ்பத்திரி
இங்கிருந்து பைக்கில் பத்து நிமிடம்.

"அவங்க நம்ம பாஷையைக் கத்துக்கிட்டாங்களா?"
கையுறையை உருவியபடி பிரேமளா கேட்டாள்.
அதுவும் நியாயம்தான்.
இரண்டு நியாயங்களையும் முன்கூடையில் போட்டுக்கொண்டு
பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஏறினேன்.

ஹெல்மெட்டைக் கழற்றாமல், உள்ளேயே:
சி. சி. சி.
நான்கும் சி, சாவும் சி,
குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் இருக்கிறது உயிர்.
ழகரத்தில் தடுக்கி விழுந்தவர்களைப் பார்த்துச்
சிரித்த வாய்க்கு இது வேண்டும்.
ரொட்டியை அவர்கள் லொத்தி என்றார்கள்.
அந்த ஒரு சொல்லை ஊன்றிக்கொண்டு
ஒரு மாதம் நடந்தேன்.

முழுதாய்ப் புரிந்த முதல் வாக்கியம்
லிம் சியூ கெங்குடையது, ஏழாம் நாற்காலி:
"அந்தக் கியட்லெங்கா வரட்டும், கை லேசு அவளுக்கு."
கியட்லெங்கா, அது நான்.
பள்ளி வாசலில் முதுகில் வந்து விழுந்த சொல்.
கை லேசு, அதுவும் நான்.
ஒரு கையால் கிள்ளி
ஒரு கையால் தட்டிக்கொடுத்த வாக்கியம்.
ஊசியைக் குத்தினேன்.
லேசாகத்தான்.

மூன்று வாரம் மூச்சு விடவில்லை.
வீட்டை விற்ற மகன் யாரென்று தெரியும்.
உப்புக் கருவாட்டை யார் ஒளித்துத் தின்பது என்றும் தெரியும்.
எடை ஏன் ஏறியது என்று கேட்டேன்,
தெரியாதவளைப் போல.

ஒரு சனிக்கிழமை, மூன்றாம் மணி.
அவள் கெண்டைக்காலில் நரம்பு முறுக்கியது,
அழுத்தம் சரிந்தது.
"கியா," என்றாள்,
என்னிடம் இல்லை, மேலே சுற்றும் விசிறியிடம்.
பயமாயிருக்கு.
"பியன் கியா," என்றேன்.
பயப்படாதே.
வாய் என்னைக் கேட்கவில்லை.
காலை அமுக்கிக்கொண்டே இன்னொரு தடவையும்.

வலி இறங்கியது, கூடவே சத்தமும்.
பத்து நாற்காலிகள் திரும்பின.
இத்தனை வருடத்தில் என்னென்ன பேசினோம் என்று
ஒவ்வொரு முகமும் கணக்குப் பார்த்தது.
சியூ கெங் என் கையை விடவில்லை.
முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அண்ணன் சிரித்தான்.
"அதான் சொல்றேன், போன் நல்லது.
போன் முன்னாடி யாரும் வெட்கப்பட மாட்டாங்க."
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"பயப்படாதேன்னு மாண்டரின்ல எப்படிச் சொல்றது?"
"போனைக் கேளு," என்றேன்.

செவ்வாய்க்கிழமை
ஏழும் எட்டும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
தியோச்சுவுக்கு மாறிவிட்டார்கள்.
ஊசித்தட்டோடு போய் நின்றேன்.
பேச்சை நிறுத்தாமலே
இடது கையை நீட்டினாள் சியூ கெங்.
அந்தப் பாஷையில் லேசுக்கு என்ன சொல் என்று
காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன்.