விதை எண்

மூன்றரைக்கு முதலாளி சாப்பிடப் போவார்.
அதன்பின் நாற்பது நிமிடம், மழை என்றால் ஒரு மணித்தியாலம்,
கஸ்தூரியார் வீதி அச்சகத்தின் பின்மேசைக் கணினி
என்னுடையது.
அமரர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டை
பஞ்சபுராணப் பக்கத்தோடு கீழே இறக்கி வைத்துவிட்டு
கறுப்புத் திரையில் எழுதுவேன்:

ஒரு முக்கோணம்.
அதன் நீண்ட பக்கத்தைத் தேடு.
அதில் எங்கேயாவது ஒரு புள்ளி வை.
எதிர் மூலையிலிருந்து அதற்குக் கோடு இழு.
இப்போது இரண்டு.
இரண்டிடமும் இதையே சொல்.
விரல்நகத்திலும் சிறுத்துப்போனால்
பேசாமல் விட்டுவிடு.

'எங்கேயாவது' என்பதுதான் என் முழு வேலையும்.
பள்ளிக்கூடக் கணிதத்தில் எழுமாறு என்றால்
பைக்குள் சிவப்பு மாபிள், நீல மாபிள், பார்க்காமல் எடு.
இயந்திரத்துக்குப் பார்க்காமல் எடுக்கத் தெரியாது.
ஓர் எண் கொடுக்க வேண்டும், விதை என்று.
அதிலிருந்து முளைப்பதெல்லாம்
தற்செயல் மாதிரி இருக்கும்.
நாளைக்கு அதே எண்ணைக் கொடுத்தால்
அதே முக்கோணங்கள், மயிரிழை பிசகாமல்.

ஒருநாள் நிற்கும் இடம் சொல்ல மறந்துபோனேன்.
அது பிரித்தது, பிரித்தது,
கண்ணுக்கு எட்டாத இடத்திலும் பிரித்துக்கொண்டே போய்
திரை உறைந்தது.
சேமிக்காத கல்வெட்டும் போயிற்று.
பேரப்பிள்ளைகள் பதினாலு பேரின் பெயரையும்
இரவிரவாகத் திரும்ப அடித்தேன்.

பிழைத்த கடதாசியின் பின்பக்கத்தில் அச்சடித்து
கடைக் கண்ணாடியில் ஒட்டுகிறேன்.
கையெழுத்துப் போடுகிற மூலையில் விதை எண் மட்டும்.
வேண்டியவர் கழற்றிக்கொண்டு போகலாம்.

முதலாளி பார்த்துவிட்டு, 'ஆற்றை காணியடா?
எத்தனை பரப்பு? பாதை எங்கால?'
மகளின் முதல்நன்மை அழைப்பிதழுக்கு வந்த
குருநகர் அன்சலாம், பாய் என்றார்.
பிறகு கிட்ட வந்து, 'இல்லை, இது ஓடாது.'
கம்பஸ் பெடியள் இரண்டுபேர் உடைந்த கண்ணாடி என்று முடிவுசெய்து
எந்த ஆண்டு என்று கேட்டார்கள்.
எந்த ஆண்டும் இல்லை என்றேன்.
நம்பவில்லை. இந்த ஊரில்
ஒரு கோடு வெறும் கோடாக இருக்க
நிறையப் பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

கார்த்திகை மழைக்குள் ஒரு மனுசி வந்தா,
அடையாள அட்டைப் பிரதி ஒன்று லமினேற் பண்ண.
கண்ணாடியைப் பார்த்தபடி நின்றா.
'இதென்ன மூலையில இலக்கம்?'
சொன்னேன்.
'அப்ப நான் ஒரு இலக்கம் தந்தா
எனக்கெண்டு ஒண்டு வருமோ?'

விசைப்பலகையை அவபக்கம் திருப்பினேன்.
ஒற்றை விரலால், தயங்காமல், எட்டு இலக்கம்.
எட்டு. நாள், மாதம், ஆண்டு.
நான் திரையைப் பார்க்காமல் மழையைப் பார்த்தேன்.
சொல்லவேண்டிய ஆறுதல் ஒன்று
தொண்டையில் ஏற்கெனவே தயாராகிவிட்டது.

வந்தது:
மேலே பெரிய வெளி, தொடாமல் விட்டதுபோல்.
வலப்பக்கக் கீழ் மூலையில் எல்லாம் போய் நெருங்கி
சூடைமீன் செதிலாய் மினுங்கின.
'வடிவாயிருக்கு' என்றா.
கேட்கக்கூடாததைக் கேட்டேன்,
'அது என்ன திகதி, அக்கா?'

'திகதியோ? பாங் புத்தக நம்பர், தம்பி.
உள்ளுக்குக் காசில்லை, நம்பர் மட்டும் பாடம்.'

சிரித்தபோது குடை குலுங்கி
தாளின் ஓரம் நனைந்தது.
வேறொன்று அடிக்கவா என்றேன். வேண்டாமாம்.
சுருட்டி, சட்டைப் பைக்குள் கைக்குழந்தையை வைப்பதுபோல் அல்ல,
வெங்காயத் தாளோடு சேர்த்துக் கூடைக்குள் செருகிக்கொண்டு
சைக்கிளில் ஏறினா.

கை கழுவிய ஈரத்தோடு முதலாளி வந்தார்.
திரையில் அது இன்னும் இருந்தது.
'இது ஆற்றை காணி?'
'இப்ப போறாவே, அவவின்ரை.'
குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு,
கோடு கோடாகத் தேடினார்.
'பாதையைக் காணேல்லையே.'