கேட் போட்டிருக்கு

கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றவர்களுக்குச்
சொன்னால் புரியும்.
கூட்ஸ் ஒன்று போய்க்கொண்டே இருக்கும்.
எண்ணெய் டேங்கர், எண்ணெய் டேங்கர், மூடிய பெட்டி,
மறுபடி எண்ணெய் டேங்கர்.
ஹாரன் அடிப்பவன் அடிப்பான்.
கட்டைக்கு அடியில் குனிந்து போகிறவன் போவான்.
ஐந்தரை மணிக்குப் பாயில் விழித்தபடி
என் கை திறக்க
நான் அப்படித்தான் காத்திருக்கிறேன்.
இரண்டு கேட். பத்து தண்டவாளம்.

வெளியே லாரி வந்துவிட்டது.
குடத்தோடு குடம் இடிக்கிற சத்தம்.
யாமினி எழுந்து போகிறாள்,
பன்னிரண்டு வயது, இன்று கணக்குப் பரீட்சை.
"நீ வராத, வந்தா போட்டுடுவ."
போன மாதம் போட்டேன்.
தெருவே திரும்பிப் பார்த்தது.
வாய் உடைந்த அந்தப் பச்சைக் குடத்தில்
இப்போது வெங்காயம் இருக்கிறது.

வாதம் என்றார்கள்.
முப்பத்தேழில் வாதமா என்றார்கள்.
ஒருத்தி முடக்கத்தான் கொடுத்தாள், ஒருத்தி வேப்பெண்ணெய்.
எதிர்வீட்டு மேரி ஸ்டெல்லா மட்டும்
எதுவும் சொல்லாமல்
ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஸ்டான்லியில் ஒவ்வொரு கணுவாய் அழுத்தினார் டாக்டர்.
படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர் சுற்றி நின்றார்கள்.
"இங்க வலிக்குதா? இங்க?"
சலவைக் கணக்கு மாதிரி எழுதிக்கொண்டார்கள்.
உன் உடம்பே உன்னை எதிரின்னு நினைக்குதும்மா என்றார்.
வீட்டுக்குள்ளேயே முறைத்துக்கொண்டவர்களை
எனக்குத் தெரியும்.
நேரத்துக்குச் சோறு வைத்தால் இறங்கி வந்துவிடுவார்கள்.
இது சோறு கேட்கவில்லை.
புதன்கிழமை ஆறு மாத்திரை கேட்கிறது.
அட்டையைப் பல்லால் கிழிக்கிறேன்.
வியாழன் முழுக்க நாக்கில் துருப்பிடித்த ஆணி.

எண்ணூரில் கன்டெய்னர் வரிசையில் நின்றபடி
தணிகை போன் செய்வார்.
"எப்டி இருக்கு?"
"கேட் போட்டிருக்கு."
"இங்கயும்தான்."

எம்.சி. ரோட்டில் எனக்குப் புடவை காட்டுகிற வேலை.
விரிப்பது ஒரு உதறல்தான்.
மடிப்பதில் இருக்கிறது எல்லாம்.
முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து
என் குவியலையும் ரஹ்மத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.
வீங்கிய கணுக்களை முந்தானைக்கு அடியில் வைத்து
ஜரிகையைக் காட்டப் பழகிவிட்டேன்.
பார்க்கிறவர் கண் ஜரிகைக்குப் போய்விடும்.

ஆடித் தள்ளுபடியில் ஒரு அம்மா வந்தார்,
பொன்னேரிப் பக்கம், ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம்.
எல்லோரும் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள்,
அவர் புறங்கையால் தடவினார்.
நிமிர்ந்தேன்.
அவர் அதற்குள்
முந்தானைக்கு அடியில் பார்த்துவிட்டிருந்தார்.

"காலைல எத்தன மணி வரைக்கும்?"
"ஏழரை. மழைன்னா எட்டு."
"எனக்கு ஒம்பது ஆவுது.
சம்பந்தி வீட்ல சொல்லல."

அதற்குள் மகள் வேறு கடைக்குக் கூப்பிட்டாள்.
மாம்பழக் கலர் இருக்கா என்றார்.
இருந்தது. எடுக்கவில்லை.
இருநூறு ரூபாய் இடித்தது.

இருபத்துமூன்று புடவைகள் பிரிந்து கிடந்தன.
ரஹ்மத் கை நீட்டினாள்.
"இருக்கட்டும், இது என்னுது" என்றேன்.
புறங்கையால் அமுக்கி
முகவாயில் ஒரு முனையைப் பிடித்து
முழங்கையால் மடித்து
கடைசிப் புடவை அடுக்கில் ஏறும்போது மணி நாலு.
மடிப்பு நேராக இல்லை.
முதலாளி பார்த்தார், பார்த்ததோடு சரி.

வீடு திரும்பும்போது கேட் போட்டிருந்தது.
ஷேர் ஆட்டோவில் எட்டு பேர்,
எட்டு பேரும் ரயில்வேயைத் திட்டினார்கள்,
என்னைச் சேர்க்காமல் ஏழு.
சாயங்காலம் என் கை திறந்திருக்கிற நேரம்.
ஜன்னலோரம் வந்த பையனிடம் பத்து ரூபாய்க்கு
அவித்த வேர்க்கடலை வாங்கி
ஒவ்வொன்றாய் உரித்துத் தின்றேன்.
டேங்கர். டேங்கர். மூடிய பெட்டி.
ஒரு கடலை மட்டும் திறக்கவில்லை.
பல்லில் வைத்துக் கடித்தேன்.