அனாமத்து

பள்ளத்தூர்க் கோவில் அலுவலகத்தில்
கணக்கு எழுதுகிறவன் நான்.
சம்பளம் பதினோராயிரம், பொங்கலுக்கு ஒரு வேட்டி.
அவர்கள் கணக்கில் நான் புள்ளி இல்லை.
வேற்றாள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கல்யாணம் ஆன ஜோடி ஒரு புள்ளி.
ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி.
இந்த வருடம் புள்ளிக்கு ஐயாயிரத்து ஒன்று.
அரைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறும்
ஐம்பது காசும்.
அந்த ஐம்பது காசை யாரும் தருவதில்லை.
நான் எழுதத்தான் செய்கிறேன்.

பினாங்கிலிருந்து வரும், டல்லாசிலிருந்து வரும்.
பணத்துக்கு முன்னால் ஒரு போன் வரும்:
"சாத்தப்பன் வீட்டில் எவ்வளவு போட்டார்கள்?"
சொல்லக்கூடாது. சொல்லுவேன்.
வசூல் அப்படித்தான் ஏறும்.

போன ஆடியில்
லுசாகாவிலிருந்து ஐயாயிரத்து ஒன்று.
குறிப்பு: சிகப்பி. புள்ளி ஒன்று.

காரியக்காரர்கள் கூடினார்கள்.
வயிரவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
தீர்த்துக்கொண்டு போனவள் எப்படிப் புள்ளி?
அரை என்று போடலாமா?
அவன் உயிரோடு ஓசூரில் இருக்கிறானே.
சரி, நன்கொடை என்று போடு,
இன்னும் கொஞ்சம் அனுப்பினால்
கல்லில் பெயர் வெட்டலாம் என்று சொல்.

சொன்னேன்.
இரவில் குரல் பதிவு வந்தது,
பின்னால் மினிபஸ் நடத்துநர் ஏதோ ஊர்பேர் கூவ:

"நன்கொடை யாரும் தரலாம் அண்ணே.
வழிப்போக்கர் தரலாம், எலெக்சனில் நிற்கிறவர் தரலாம்.
வரி என்றால் ஊர்க்காரர்தான் கட்டமுடியும்.
நான் கட்டியது வரி.

இங்கே முலெங்காவின் அம்மா தவறியபோது
சோபாவையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டுப்
பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தோம்.
ஒரு பள்ளிக்கூட நோட்டு கைமாறி வந்தது.
மக்காச்சோள மாவு இரண்டு மூட்டை, கரி,
சவப்பெட்டிக் கடையில் பாக்கி.
என்னிடம் வந்தபோது நோட்டு தயங்கவில்லை.
பெயர், தொகை, அவ்வளவுதான்;
யார் பெண்டாட்டி என்று அதில் கோடு போடவில்லை.

இங்கே எல்லாரும் தங்கம் என்று சொல்லமாட்டேன்.
என் சம்பள நாள் தெருவுக்கே தெரியும்.
மாதக் கடைசியில் கதவு தட்டும் சத்தம் கேட்டு
விளக்கை அணைத்துவிட்டு
மூச்சுக் காட்டாமல் கிடந்திருக்கிறேன்.
ஆனால்
தட்டுகிறார்கள் அண்ணே."

திருப்பி அனுப்ப
வங்கி ஆயிரத்து நூறு கேட்டது.
அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று மறுபடி கூடினார்கள்.
கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் வைத்தேன்:
அனாமத்து.
வந்தது, ஆனால் யாருடையதென்று ஆகவில்லை.
பேரேட்டில் அதற்குக் கடைசிப் பக்கம்.

மாசி. சிவராத்திரிக்கு முதல்நாள்
கிணற்று மோட்டார் கருகிப்போனது.
சுருள் கட்ட நாலாயிரத்து எண்ணூறு, ரொக்கமாக, உடனே.
புள்ளிப் பணம் முழுக்கக் கோபுரச் சாரத்தில் நின்றது.
"அனாமத்தில் எடு, பிறகு வைத்துவிடலாம்"
என்றார் வயிரவன்.

தண்ணீர் ஏறியது.
டல்லாஸ்காரர் கால் கழுவினார்.
சாமி குளித்தார்.
ஓசூர்க்காரனும் வந்திருந்தான், புது மனைவியோடு,
ஒரு முழுப்புள்ளி,
குழாயடியில் குழந்தைக்கு வாய் கொப்பளித்துவிட்டான்.

பங்குனிக் கடைசியில் கணக்கு முடிக்க உட்கார்ந்தேன்.
அனாமத்தில் எடுத்தால் எதிர்ப்பக்கம்
ஒரு வரி எழுதியாகவேண்டும், வேறு வழியில்லை.
எழுதினேன்:
கோவில், சிகப்பிக்குத் தரவேண்டியது, ரூபாய் 4,800.

வயிரவனிடம் நீட்டினேன்.
படித்தார். இன்னொரு தடவை படித்தார்.
"வட்டி போடவா?" என்று கேட்டேன்.
மூன்று தலைமுறையாக வட்டியில் எழும்பிய வீட்டுக்காரர்
அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டவர்போல்
ஜன்னல் பக்கம் திரும்பி
மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.