கேஸில் ஏ தீர்ந்த மாலை

பெர்கன் நகரில் செவ்வாய்க்கிழமை மழை.
திங்களும் மழைதான்.
பழைய கயிற்றாலையின் மூன்றாம் மாடியில்
ஆறு பேர், ஆறு ஏப்ரன்,
நடுவில் ஒரு புரூப் பிரஸ்,
யாரோ அதன்மேல் வைத்துவிட்ட ஈரக் கையுறை.

சொல்ஃப்ரித் சொல்லித் தருவது கொஞ்சம்தான்.
எழுத்தின் உடம்பில் ஒரு பள்ளம் இருக்கும்,
கட்டைவிரல் அதைத் தேடிக்கொள்ளட்டும்.
இடமிருந்து வலம், தலைகீழாக.
வாசிக்காதீர்கள், பாருங்கள்.
பிறகு காகிதம் வெட்டப் போய்விடுவாள்.

கௌதெ, முப்பது வருஷம் படகு எஞ்சின்களோடு இருந்தவர்,
அண்ணன் ஹால்வருக்குக் கடிதம் கோக்கிறார்.
கையால் எழுத வரவில்லை, அதனால் வந்தேன்
என்றார் முதல் நாளே,
யாரும் கேட்காமல்.

நினைத்து வந்தது பதினோரு வரி:
படகை விற்றது யார், எந்த வருஷம்,
அப்பாவை அடக்கம் செய்த அன்று
யார் முதலில் முகம் திருப்பியது,
பிறகு ஓர் 'ஆனால்',
பிறகு இன்னொன்று.

எட்டாம் வரியில் ஏ தீர்ந்தது.
கேஸில் இருப்பதிலேயே பெரிய அறை ஏ-க்குத்தான்.
நகம் மரத்தைச் சுரண்டியது.
மீதி ஏ எல்லாம்
யோருனின் மீன் சூப் செய்முறையில் மாட்டியிருந்தன.
ஜன்னலோரம் மெழுகு பூசிய நூலால்
புத்தகம் தைத்துக்கொண்டிருந்தவள்
தலை நிமிராமல் சொன்னாள்:
இன்னும் இருபது பிரதி அடிக்கணும்.

தன் வரிகளிலிருந்தே பிடுங்க ஆரம்பித்தார்.
அவர்கள் மொழியில் 'ஆனால்' மூன்றே எழுத்து,
நடுவில் ஓர் ஏ.
முதலில் அவை போயின.
பிறகு வருஷம். பிறகு படகு.
தேவைக்கு மேல் ஏ சேர்ந்த பின்னும்
இடுக்கி நிற்கவில்லை.

'மன்னித்துவிடு' எட்டு எழுத்து.
ஒன்றிலும் ஏ இல்லை.
இரண்டு முறை எண்ணினார்,
யாரோ வேண்டுமென்றே செய்த மாதிரி
சொல்ஃப்ரித்தைப் பார்த்தார்.
அவள் பசை கலக்கிக்கொண்டிருந்தாள்.

தன் பெயரின் கடைசிக்கு மட்டும் ஓர் ஏ.

முதல் புரூப்பில் ன் எல்லாம் ஊ ஆகியிருந்தன.
உலகில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்.
யோருன் சிரித்தாள், அவரும்.
பள்ளத்தைத் திருப்பி வைத்து
மறுபடி மை.

அடுத்த செவ்வாய் சூப் பிரிந்து
பெரிய அறை நிரம்பிவிட்டது.
எடுத்துக்கோ, நீளமாகவே எழுது என்றாள்.
அவர் உறைக்கு முகவரி கோத்துக்கொண்டிருந்தார்.
தெருப் பெயர் வந்துவிட்டது.
வீட்டு எண் பதினான்கா, பதினாறா?
அந்த இடத்தில்
அச்சில் விழாத ஒரு ஈயக் கட்டையைச் செருகிவிட்டு
யோசித்துக்கொண்டிருந்தார்.