பதினோராம் வளைவு

சங்கிலிக்குள் அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தார்
அஸ்தம்பட்டிக் கடைக்காரர் முபாரக்.
தடையில்லாமல் இறங்கியது.
"இழுத்துடுச்சு. இப்படியே விட்டா
பின்னாடி பல்சக்கரத்தையும் தின்னுடும்.
பிரேக் பேடும் காகிதமாயிடுச்சு."

நான் பார்த்துக்கொண்டிருந்தது
கண்ணாடிக்குள் தொங்கிய கார்பன் ஹேண்டில்பாரை.
நூற்றிருபது கிராம் குறையுமாம்.
முந்தின நாள் சாயங்காலம் நான் தின்ற
தட்டுவடை செட்டே அதைவிட எடை.
வாங்கிவிட்டேன்.
சங்கிலி, அடுத்த சம்பளத்துக்கு.
பேட், அதற்கும் அடுத்ததுக்கு.

ஞாயிற்றுக்கிழமை, நாகலூர்ப் பக்கம்
காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதை.
ராத்திரி மழை.
செம்மண் குழம்பு டிஸ்கில் ஏறி
உப்புத்தாள் போல உரசிக்கொண்டே வந்தது.
கேட்கத்தான் செய்தது.
சில்வர் ஓக் உச்சியில் ஏதோ பறவை
என்று வைத்துக்கொண்டேன்.

இறக்கத்தில்
இருபதாம் வளைவு பிடித்தது.
பதினேழு, கொஞ்சம் யோசித்துப் பிடித்தது.
பதினொன்றில்
பின் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டது.
முன்னால் இரும்போடு இரும்பு அலற
தடுப்புச் சுவரின் மஞ்சள் கறுப்புப் பட்டையை
முழங்கையால் படித்தேன்.

ஏறி வந்த பேருந்து நின்றது.
"பஞ்சராம்மா?" என்றார் கண்டக்டர்.
ஆமாம் என்றேன்.

மிச்சப் பத்து வளைவும்
உருட்டிக்கொண்டே இறங்கினேன்.
தூரத்தில் மேக்னசைட் மேடு
சுண்ணாம்பு கொட்டினாற்போல் வெயிலில் கிடந்தது.
கூடவே ஒரு குரங்கு
என் பையைப் பார்த்தபடி ஏழாம் வளைவு வரை.

சும்மா சொல்லக்கூடாது,
தள்ளுவதற்கு
நூற்றிருபது கிராம் குறைவாகத்தான் இருந்தது.