ஒரு ‘ல்’ குறைவு

நாங்கள் தொடங்கியபோது அது தேயிலைக் கிடங்கு.
கிராண்ட்பாஸ். பின்பக்கம் கால்வாய்.
கணக்கியல் படிக்க வந்த பெண்களின்
சேலை ஓரத்தில்
மாலைக்குள் பழுப்புத் தூள் ஏறியிருக்கும்.
மூட்டை நிறுத்த தராசைக் கழற்ற ஆளில்லை.
அதன் தட்டில்தான் முதல் வருட விண்ணப்பங்கள்.
மூன்றரை இறாத்தல் என்று
பியசேன ஒருநாள் நிறுத்துச் சொன்னான்.

அதிபர் ஒருவர், லிகிதர் நான், மணியடிக்க பியசேன.
முத்திரை வெட்ட கெய்சர் வீதிக்குப் போனதும் நான்தான்.
மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்தேன்.
சிங்களம் சரியாக வந்தது. இங்கிலீசும் சரி.
தமிழில் மட்டும்
‘கனிஷ்ட கலூரி’.

திருத்த ஆறு ரூபாய் என்றான் கடைக்காரன்.
அதிபர் காசுப் பெட்டியைப் பார்த்தார்,
“வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்தானே, மிஸ்” என்றார்.
எனக்கு விளங்கியது.

பிறகு நாங்கள் பெருத்தோம்.
வளர்ந்தோம் என்று விழா மலரில் போட்டார்கள்.
பக்கத்து ஆணிக்கடை விரிவுரை மண்டபமானது.
வாத்துக் கூடு இருந்த இடத்தில் ஆய்வுகூடம்;
முதல் தவணை முழுக்க
இரசாயனத்தை மீறி வாத்துதான் மணத்தது.
ஒரு மே மாதம் களனி கங்கை உள்ளே வந்து
கோவைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள் உலர்த்தினோம்.
‘ந’ வரிசையைத் திறந்தால் இன்னும் சேறு.

அந்த யூலைக்குப் பிறகு
வரவுப் புத்தகத்தில் பதினொரு பெயர்களுக்கு நேரே
வெறுங் கட்டங்கள்.
‘இடைவிலகல்’ என்று எழுதச் சொன்னார்கள்.
பென்சிலால் எழுதினேன்.

வர்த்தமானியில் பெயர் மாறும்போதெல்லாம்
இழுப்பறைக்குள் இன்னொரு முத்திரை.
நிறுவகம். வளாகம்.
கடைசியில் பல்கலைக்கழகம்:
தானே மை ஊறும் பிளாஸ்டிக் வகை,
குழு கூடிச் சரிபார்த்த எழுத்துகள்.
உபவேந்தர் நாடா வெட்டினார்.
பியசேன அதற்குள் செத்துப்போயிருந்தான்;
மணி மின்சாரத்தில் அடித்தது.

எனக்கு ஓய்வுபெற இருபத்திரண்டு நாள் இருக்கையில்
கவுண்டரில் மர்ஜானா வந்து நின்றாள்.
துறைமுகத்தில் கணக்கு எழுதிய கை,
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு டிப்ளோமா.
“பொய்ச் சான்றிதழ் என்று சொல்றாங்க.
இப்படி ஒரு கல்லூரியே இல்லையாம்.
பெயரைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாத
எவனோ அடிச்சுக் குடுத்ததாம்.
பென்ஷனை நிறுத்தி வச்சிருக்காங்க.”

கணினியில் தேடிய பொடியன் தலையாட்டினான்.
எங்கள் ஆதி வருடங்களை அதற்குள் யாரும் ஏற்றவில்லை.

இழுப்பறையின் அடியில்,
துருப்பிடித்த கிளிப்புகளுக்குக் கீழே கிடந்தது அது.
ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.
மைத்தட்டில் அழுத்தி
பழைய தாள் ஒன்றில் குத்தினேன்.
பொடியன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்,
கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தான்.

பல்கலைக்கழகக் கடிதத் தலைப்பில் தட்டச்சு செய்தேன்:
‘இதிலுள்ள எழுத்துப்பிழை எம்முடையது.
ஆகவே சான்றிதழ் உண்மையானது.’
கீழே புது முத்திரை.
அதன் அருகில், விதியில் இல்லாவிட்டாலும்,
பழையது.

மர்ஜானா விரலால் தடவி வாசித்தாள்.
“நாப்பது வருஷம் பாக்குத் தெரியாமப் போச்சே” என்று
சிரித்தாள்.
“நான் இலக்கத்தை மட்டும்தான் பாக்கிறது.”

கடைசி நாள் ஒப்படைக்க வேண்டியவற்றின்
பட்டியல் தந்தார்கள்:
சாவி மூன்று, நாற்காலி ஒன்று,
கல்குலேட்டர், அடையாள அட்டை.
இரண்டு தரம் வாசித்தேன்.
அது அதில் இல்லை.

கைப்பையில் குடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு
ஆமர் வீதிச் சந்திவரை நடந்தேன்.
பஸ்ஸில் இருக்கும்போது பார்த்தால்
கைக்குட்டையில் நீல மை,
கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிய எழுத்தில்
பாதிக் கல்லூரி.