மறுகற்பித்தல்

நுண்கற்பித்தலுக்கு ஆறு நிமிடம்.
நாகமலை அடிவாரத்துப் பி.எட். கல்லூரியில்
மூன்று விசிறியில் ஒன்று சுற்றும் அறை.
கூடப் படிக்கும் பத்துப் பேர்
எட்டாம் வகுப்பாகி உட்கார்ந்திருந்தார்கள்.
இரண்டு பிள்ளை பெற்ற ஷாகிதா
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
சோணைமுத்து சட்டைப் பொத்தானை
மாற்றிப் போட்டிருந்தான், வேடத்துக்காக.

தலைப்பு: இணையத்தில் பொறுப்பு.
குறிக்கோள் ஒன்று:
தகவலைச் சரிபார்த்த பின்பே
மாணவர் பிறருக்கு அனுப்புவர்.
'பின்பே' என்பதன் கீழே
சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தேன்.

நான்காம் நிமிடம்
சோணைமுத்து கை தூக்கினான்.
"மிஸ், நீங்க எதையாச்சும்
பாக்காம அனுப்பிருக்கீங்களா?"

மலைச்சரிவில் மயிலொன்று அகவியது.
"இல்லை" என்றேன்.
"நல்ல கேள்வி. உக்காரு."
வலுவூட்டும் திறனுக்கு
ஜெபசீலி மேடம் ஐந்துக்கு நான்கு போட்டார்.
கண்காணிப்புத் தாளில்
பொய்க்குக் கட்டம் கிடையாது.

*

ஆரப்பாளையத்தில் எங்கள் தெரு முடிந்தால் வைகை.
பாதி நாள் மணல், ஆகாயத்தாமரை,
ஸ்டம்பு நட்டு ஆடும் பையன்கள்.
அந்த ஐப்பசியில் மட்டும் தண்ணீர்.
இரவு பதினொன்று பத்துக்கு எனக்கு வந்தது:
"வைகை அனை உடந்து விட்டது.
கரையோர மக்கள் உடனே வெளியேரவும்.
அனைவருக்கும் பகிரவும்."
ஏழு குழுக்களுக்குத் தட்டிவிட்டு
அம்மாவை எழுப்பினேன்.
அம்மா தெருவை எழுப்பினாள்.

மாவு விற்கும் பேச்சியக்காவிடம்
அப்போது போனே கிடையாது.
அவளுக்கு அது
அம்மாவின் குரலில் போய்ச் சேர்ந்தது.
நனைந்த மாடிப்படியில்
கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்,
தவணை இன்னும் முடியாத கல்.
மூன்றாம் படி வழுக்கியது.
எழுபது கிலோமீட்டர் தள்ளி
அணை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது,
ஒரு கீறலும் இல்லாமல்.

இன்றைக்கும் இடது கையால்தான் மாவு அள்ளுகிறாள்.
வானிலைக்காரனுக்கு முன்னாடியே
என் மணிக்கட்டு மழையைச் சொல்லிரும் என்பாள்.
தினமும் ஒரு கிலோ வாங்குகிறேன்.
எங்கள் வீட்டுக்கு அரைக் கிலோவே மிச்சம்.

'இல்லை' என்ற அன்று சாயங்காலம்
சில்லறைக்குக் கை நீட்டியபடி சொன்னேன்.
அவள் கரண்டியை வைக்கவில்லை.
"அதான் தெரியுமே.
உங்கம்மா கத்தித்தான ஏறுனேன்."
"இல்லக்கா. எங்கம்மாவுக்குச் சொன்னது நானு.
ஏழு குரூப்புக்கும் அனுப்புனேன்."
"ஏழா?
நம்ம தெருவுல நான் விழுந்தேன்.
மத்த எடத்துல யாரு விழுந்தா?"

எனக்குப் பின்னால் நின்றவர்
தூக்குவாளியை நீட்டினார்.

*

மறுகற்பித்தலுக்கும் ஆறு நிமிடம்தான்.
அதே பத்துப் பேர், அதே மாற்றுப் பொத்தான்.
படம் ஒட்டிய அட்டைகள் பையிலேயே கிடந்தன.
வந்தது வந்தபடி அந்தச் செய்தியைக்
கரும்பலகையில் எழுதினேன்.
"இதை அனுப்பியவள் நான்" என்றேன்.
"அப்போது தமிழ் எம்.ஏ. இரண்டாம் வருடம்."

படிக்கட்டு வரைக்கும் வருவதற்குள்
நாலு நிமிடம் போயிருந்தது.
ஷாகிதா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதில் என்ன பிழை?"

சோணைமுத்து எழுந்தான்.
"அணைக்கு மூணு சுழி மிஸ்.
வெளியேறவும்... அதுக்கு வல்லின ற."
சரிதான்.
கட்டுரை நோட்டில் இருந்திருந்தால்
வட்டம் போட்டு மதிப்பெண் குறைத்திருப்பேன்.
அன்று ராத்திரி அதுகூடக் கண்ணில் படவில்லை.

"வேறு?"

சுண்ணாம்புத் தூள் விரலிடுக்கில் நமநமத்தது.
யாரும் கை தூக்கவில்லை.
"அது எனக்கும் வந்துச்சு" என்றாள் ஷாகிதா,
எட்டாம் வகுப்புக் குரலில் இல்லை.
"நானும்..."

மேடம் மணியைத் தட்டினார்.
பாடத்தை முடித்தல்: ஐந்துக்கு ஒன்று.